ஆறுமணிக்குருவிக்கு மணி தப்பியதா?

போன கார்த்திகையில் ஒருநாள் விடியப்புறம் நித்திரை குழம்பிவிட்டது. நாய் குரைக்கவில்லை, மழையும் இல்லை. கிணற்றடிப் பக்கமிருந்து ஒரு சீட்டிச் சத்தம். இரண்டே இரண்டு சுரம். முதலாவது மேலே ஏறும், இரண்டாவது வழுக்கிக்கொண்டு இறங்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே இரண்டு. தலைமாட்டில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். 4.47.

ஆறுமணிக்குருவி. ஆனால் மணி இன்னும் ஐந்துகூட ஆகவில்லை.

இந்தக் குருவியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொண்டைக்குருவி அளவுதான் இருக்கும். வால் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும் குட்டை வால். பச்சை முதுகு, மண்மஞ்சள் நெஞ்சு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டி, செட்டையில் பளிச்சென்று ஒரு நீலம். இந்தி பேசுகிறவர்கள் ஒன்பது நிறம் என்று பொருள்பட நவரங் என்கிறார்கள். தமிழ்நாட்டில் பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் பெயர்கள் உண்டு. சிங்களத்தில் அவிச்சியா. அதன் உடுப்பை மயில் களவெடுத்துக்கொண்டு போய்விட்டதாம், அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் அழுகிறதாம் என்று சிங்களவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. எங்களுக்கு உடுப்பைப் பற்றிக் கவலையில்லை. விடியவும் பொழுதுபடவும் ஆறு மணியை ஒட்டிக் கத்தும், ஆகவே ஆறுமணிக்குருவி.

இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாதி கடைசியிலோ ஐப்பசியிலோ இங்கே வந்து சேரும். இரவில்தான் பறக்கும். கடல் தாண்டி வந்த களைப்பில் யன்னல் கண்ணாடியில் மோதி விழுந்து கிடப்பதும் உண்டு. பிறகு சித்திரை வரைக்கும் ஏதாவது ஒரு வளவில் சருகு கிளறிக்கொண்டு தனியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவில் வளவிலும் வருசா வருசம் ஒன்று நிற்கும். போன வருசம் வந்ததுதானா இது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். "அதுதான் வேறையென்ன, கிணத்தடி அதுக்கெல்லோ சொந்தம்" என்பார்.

அன்று விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "குருவிக்கு மணி தப்பிப்போச்சு போல, அஞ்சுக்கு முதலே கத்துது."

அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சிரித்தார். "உன்ரை அம்மம்மா இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பா எண்டு தெரியுந்தானே?"

தெரியும். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1990க்குப் பிறகு, சண்டைக் காலத்தில், எங்களுக்குக் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் டைனமோவில் றேடியோ கேட்ட காலம். பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. பற்றறி இல்லையென்றால் டோர்ச் மட்டுமா நிற்கும், சுவர் மணிக்கூடும் நிற்கும். எங்கள் விறாந்தையில் இருந்த மணிக்கூடு ஒன்பது இருபதில் நின்றுபோய் வருசக்கணக்காக அப்படியே தொங்கியது. அம்மம்மா அதைக் கழற்றவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை. ஐப்பசியிலிருந்து சித்திரை வரைக்கும் அவவுக்கு வேறு மணிக்கூடு இருந்தது. கிணற்றடியில் குருவி கத்தினால் எங்களை எழுப்புவா. பின்னேரம் கத்தினால் விளக்குத் திரியைத் தூண்டுவா. மற்ற மாதங்களில் கோயில் மணி, சேவல், நிழல்.

1995 ஐப்பசியில், ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்களும் நடந்தோம். அந்த ஐப்பசியிலும் குருவி கிணற்றடிக்கு வந்திருக்கும். எழுப்புவதற்குத்தான் ஆள் இருந்திருக்காது.

1996 சித்திரை, வைகாசியில் சனம் திரும்பி வந்தது. அந்த வைகாசியிலேயே, மே 25 அளவில், கொழும்பில் இருந்தவர்கள் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். மழை பொய்த்து, நீர்மின்சாரம் குறைந்துபோய், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவாம். எங்களிடம் மிச்சம் பிடிப்பதற்கு மின்சாரமே இல்லை. என்றாலும் எங்கள் நேரத்தையும் சேர்த்தே மாற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டுக்குள் போகவேண்டியிருக்கிறது என்று நாடு முழுக்கப் புறுபுறுப்பு எழும்ப, ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மற்ற அரை மணித்தியாலம் பத்து வருசமாக வரவில்லை.

குருவிக்கு இதெல்லாம் தெரியாது. மணி மாறமுதல் சித்திரையில் போனது, ஐப்பசியில் திரும்பி வந்தது. வந்து, தன் வழக்கப்படி கத்தியது. அதற்குள் எங்களிடம் பற்றறி போட்ட மணிக்கூடு வந்துவிட்டிருந்தது. அரை மணித்தியாலம் பிந்திக் கத்துகிறதே என்று நான் அம்மம்மாவிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, கையில் புது மணிக்கூடு, அதனால் எல்லோரையும் திருத்துகிற வியாதி.

"குருவி பிந்தேல்லை மோனை," என்றா அம்மம்மா. "கொழும்புதான் முந்தீட்டுது."

பழைய நேரம், புதிய நேரம் என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு நேரம் ஓடியது. வன்னியில் ஒன்றுதான், அங்கே புலிகள் நேரத்தை மாற்றவில்லை. மாமா குடும்பம் மல்லாவியில் இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்து, ஐப்பசியில் நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். முகமாலையில் இந்தப் பக்கச் சோதனை முடிந்து அந்தப் பக்கம் போனதும் பஸ்ஸில் ஆளாளுக்கு மணிக்கூட்டின் திருகை இழுத்து அரை மணித்தியாலம் பின்னுக்கு விட்டார்கள். சொல்லி வைத்தமாதிரி எல்லாக் கையும் ஒரே நேரத்தில் அசைந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த நாள் விடிய மாமா வீட்டுப் பலாமரத்தடியில் ஆறுமணிக்குருவி கத்தியது. கோண்டாவிலில் ஆறு மணிக்குக் கத்தினால் அங்கே ஐந்தரை. பாஸ் இல்லாமல், மணிக்கூடு திருப்பாமல் இரண்டு பக்கமும் நின்றது அது மட்டும்தான் என்று மாமா பகிடிவிட்டார்.

2006 சித்திரை வருசப்பிறப்போடு நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்த வருசம் ஐப்பசியில் குருவி வந்தபோது அதன் பெயர் மறுபடி பொருந்தியது. அம்மம்மா அதற்கு முதல் வருசமே போய்விட்டா.

ஆகவே 4.47க்குக் கேட்ட சத்தத்துக்கு எனக்கு முதலில் வந்த யோசனை, இந்தமுறை முந்தியது யார் என்பதுதான்.

மகளின் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்தேன். விடிய முதல் சத்தம் கேட்கும் நேரத்தை எழுதத் தொடங்கினேன். மூன்று நாளிலேயே ஒரு பிழை தெரிந்தது. அந்த வருசம் மாசியில் 6.02க்குக் கேட்டதாக நண்பன் ஒருவனுக்கு வட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். அதற்கு முதல் கார்த்திகையில் ஒருநாள் 5.38. அப்படியானால் குருவி மூன்று மாதத்தில் அரை மணித்தியாலம் சோம்பேறியாகிவிட்டதா?

இல்லை. யாழ்ப்பாணத்தில் ஐப்பசித் தொடக்கத்தில் சூரியன் ஆறு மணியளவில் எழும்பும். கார்த்திகையில் ஆறு ஐந்து, ஆறு பத்து. தை முடியும்போது ஆறரை ஆகிவிடும். பிறகு சித்திரையில் திரும்ப ஆறு மணிப் பக்கம் வந்துவிடும். ஆறுமணிக்குருவி என்ற பெயரே தோராயக் கணக்குத்தான். அது பார்ப்பது வெளிச்சத்தை. கொப்பியில் இன்னொரு நிரல் கீறி, சூரியன் எழும்ப எத்தனை நிமிசம் முதல் கத்தியது என்று எழுதினேன். 5.38 என்பது சூரியனுக்கு 27 நிமிசம் முதல். 6.02 என்பது 28 நிமிசம் முதல். குருவி அசையவே இல்லை. ஆனால் அந்த 4.47? அது 79 நிமிசம் முதல். அதற்கு அடுத்த நாள் 74. அதற்கடுத்த நாள் 81.

நிலவாக இருக்குமோ என்று கலண்டரைப் பார்த்தேன். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். நிலவுமில்லை.

குரல் மாறியிருக்கிறதா என்றும் கவனித்தேன். அதே இரண்டு சுரம், அதே இறக்கம். மாறாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாப் பறவையும் பாட்டை ஒரே மாதிரிப் பெறுவதில்லை. குயில் காகக் கூட்டில் வளர்ந்தாலும் குயிலாகத்தான் கூவும். அதற்குப் பாட்டு பிறவியிலேயே வந்துவிடுகிறது. ஆறுமணிக்குருவியின் இனமும் அந்த வகைதான். ஆனால் எங்கள் முருங்கையில் இருந்து பாடும் குண்டுக்கரிச்சான் போன்றவை மூத்ததுகளைக் கேட்டுப் பழகிப் பாடுகின்றன. கேட்டுப் பழகுகிற இனத்தில் பாட்டே ஊருக்கு ஊர் வேறுபடலாம், மாறியும் போகலாம்.

இதற்கு நல்ல உதாரணம் அண்ணா இருக்கிற கனடாவில் நடந்தது. அங்கே வெண்தொண்டைச் சிட்டு என்று ஒன்று. அதன் பாட்டின் முடிவு "கனடா, கனடா, கனடா" என்று மூன்று மூன்று சுரமாகக் கேட்கும் என்று அங்குள்ளவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். மேற்குக் கரை மாகாணத்துச் சிட்டுகள் அந்தக் கடைசிச் சுரத்தை விழுங்கிவிட்டு இரண்டு இரண்டாகப் பாடத் தொடங்கின. அந்தப் புதுப் பாட்டு கிழக்கு நோக்கிப் பரவி, ஒன்ராறியோவையும் எட்டிவிட்டது. கென் ஒட்டர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளைச் சேர்த்து 2020இல் இதை எழுதினார்கள். பதிவுகளில் பெரும்பகுதி சாதாரண சனம் போனிலும் றெக்கோடரிலும் எடுத்துக் கொடுத்தது. இதை நான் சொன்னபோது அண்ணா சிரித்தான். "இஞ்சை வந்தா எல்லாருக்கும் பேச்சு மாறும்தானே. என்ரை பிள்ளையளைக் கேட்டுப்பார்."

நகரத்துச் சத்தமும் பாட்டை மாற்றும். நெதர்லாந்தின் லைடன் நகரில் வாகன இரைச்சல் கூடின இடத்துச் சிட்டுகள் கீழ்ச்சுரத்தைக் கைவிட்டு மேலே பாடுவதை 2003இல் கண்டுபிடித்தார்கள். 2020 கொரோனா முடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வாகனங்கள் நின்றபோது அங்குள்ள குருவிகள் குரலைத் தாழ்த்தின, தாழ்த்தியும் சத்தம் கூடத் தூரம் கேட்டது. அந்த வருசம் பங்குனியில் இங்கே ஊரடங்கு போட்டபோது எங்கள் ஒழுங்கையில் ஆட்டோச் சத்தம் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. எல்லோரும் சொன்னார்கள், "இந்தமுறை குயில் கனக்கக் கூவுது" என்று. குயில் கூடினதா, சத்தம் குறைந்ததா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு ஊரடங்கு புதிதில்லை. ஆனால் ஷெல் சத்தம் இல்லாத ஊரடங்கு புதிது. காது சும்மா இருந்தது, அதில் குயில் வந்து இருந்தது.

எங்கள் குருவிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. பாட்டு மாறவில்லை, மேலே ஏறவில்லை, நேரம் மட்டும் மாறியிருக்கிறது. நேரம் என்றால் வெளிச்சம். வியன்னாவுக்குப் பக்கத்துக் காட்டோரத்தில் தெருவிளக்குக்கு அருகே இருக்கும் பறவைகள் மற்றவற்றைவிட முந்திப் பாடத் தொடங்குவதை 2010இல் எழுதியிருந்தார்கள். 2025இல் உலகம் முழுவதும் இருந்து ஒலிப்பதிவுகளை எடுத்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட பறவை இனங்களில் கணக்குப் பார்த்தார்கள். இரவு வெளிச்சம் கூடிய இடங்களில் பறவைகளின் ஒரு நாள் சராசரியாக 50 நிமிசம் நீண்டிருந்தது. விடியவும் முந்தித் தொடங்கி, பின்னேரமும் பிந்தி நிறுத்துகின்றன.

இதை வாசித்துவிட்டுத் தெருவிளக்கைத் திட்டுவதற்காகப் படலையடிக்குப் போனேன். எங்கள் ஒழுங்கையின் தெருவிளக்கு முடக்கில் இருக்கிறது. அதன் வெளிச்சம் எங்கள் கிணற்றடிக்கு எட்டாது. கிணற்றடியைப் பகலாக்கிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு மூலையில் இருந்த லைற். 50 வாற்ஸ் எல்.ஈ.டி. போன ஐப்பசியில் பக்கத்து ஒழுங்கையில் களவு போனது என்று கேள்விப்பட்டு, அடுத்த நாளே நானே ஏணி வைத்து ஏறிப் பூட்டினது. ஐந்தாயிரம் ரூபாவுக்குள் முடிந்துவிட்டது என்று பெருமைப்பட்டதும் நானேதான்.

இந்தமுறை முந்தியது கொழும்பு இல்லை.

ஒரு கிழமை அதை அணைத்து வைப்பது என்று முடிவெடுத்தேன். வீட்டில் இலகுவில் சம்மதம் கிடைக்கவில்லை. "கள்ளன் வந்தால் குருவியே பிடிக்கும்?" என்று கேட்டா என்ரை மனிசி. மகள்தான் எனக்குப் பக்கம். "அப்பா, பரிசோதனை எண்டால் ஒண்டை மட்டும்தான் மாத்தவேணும். மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கவேணும்" என்று விஞ்ஞானப் பாடத்திலிருந்து சட்டம் சொன்னாள். இரண்டாம் நாள் மழை வந்து அவளுடைய சட்டத்தைக் குழப்பியது. மழை நாளைக் கழித்துவிட்டால், கொப்பியில் உள்ளது இது: 70 நிமிசம், 52, 41, 33, 30, 34. கடைசி மூன்று நாளும் குருவி பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டதுபோலத்தான் இருக்கிறது. ஆறு நாள், ஒரு குருவி, நித்திரை தூங்கி எழுதிய ஒருவன். இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். லைற்றைக் கழற்றி, ஆள் வந்தால் மட்டும் எரிகிற மாதிரி ஒன்றை மாட்ட அந்த ஆறு நாள் போதுமாக இருந்தது.

இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் கொப்பியோடு விடியப்புறங்களில் கிணற்றடிக் கல்லில் இருந்தபோது வேறொன்று உறைத்தது. கேட்கிற குருவியின் நேரத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்காதவற்றுக்குக் கொப்பியில் நிரல் இல்லை.

சின்ன வயதில் பின்னேரம் ஒரு குருவி எங்கள் வளவில் கத்தினால், இரண்டு வளவு தள்ளி இன்னொன்று பதில் சொல்லும், அதற்கப்பால் மூன்றாவது. அம்மம்மா விளக்குக் கொழுத்தும் நேரத்தில் ஒழுங்கை நீளத்துக்கும் அந்த இரண்டு சுரம் கைமாறிக்கொண்டு போகும். இப்போது எங்களுடையது கத்திவிட்டுப் பொறுத்துப் பார்க்கிறது. பதில் இல்லை.

அதற்கு லைற்றைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறுமணிக்குருவி நிலத்தில் நடந்து தின்னும் பறவை. ஈரச் சருகைச் சொண்டால் புரட்டிப் பூச்சி, புழு எடுக்கும். அந்தச் சருகு எங்கே இருந்தது? வேலியடியில். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி. வருசத்துக்கு ஒருக்கால் வேலியடைப்பு. வேலியடியில் ஒரு முழம் அகலத்துக்கு ஒருவரும் கூட்டாத சருகு இருக்கும். கோழியும் கீரியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போய்வர வேலிப்பொட்டு இருக்கும். வளவுக்கு வளவு அந்தச் சருகுப் பாதை தொடர்ந்து ஓடும், குருவிக்கு அதுதான் ஒழுங்கை. இன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மதில். எங்களுடையது 2012இல் அண்ணா அனுப்பின காசில் எழும்பியது, ஆறடி. மதிலடியில் சீமெந்து. மிச்ச வளவை அம்மா விடியக் கூட்டி எரித்துவிடுவார். கிணற்றடியில் வாழையும் அதன் கழிவுத்தண்ணியும் இருப்பதால் அந்த மூலை மட்டும் தப்பியிருக்கிறது.

வலிகாமம் வடக்கில் இதற்கு நேரெதிராக ஒன்றைக் கேட்டிருக்கிறேன். பெரியம்மா வீடு மயிலிட்டியில். 1990இல் விட்டுவிட்டு ஓடி, 2017இல் விடுவித்த பிறகுதான் போய்ப் பார்த்தோம். கூரை இல்லை. வீட்டுக்குள் ஆலமரம். செண்பகம் ஊமென்று முழங்கியது, புலுனிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு தாவியது, பற்றைக்குள் கௌதாரி. இவ்வளவு குருவிச் சத்தம் அந்த வீட்டில் முன்பு கேட்டதே இல்லை என்றார் பெரியம்மா. பிறகு கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "அடைக்கலக்குருவி ஒண்டையும் காணேல்லை" என்றார். முன்விறாந்தையில் அதுகளுக்கென்று முட்டி கட்டித் தொங்கவிட்டிருந்தவர் அவர். சிந்தின அரிசியும் நெல்லும், கூரை இடுக்கும் இருந்தால்தான் அடைக்கலக்குருவி இருக்கும். சனம் போனால் அதுவும் போய்விடும். பற்றைக்குருவிகள் குடியேறியிருந்த அந்த வீட்டில், மனிசரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது அது ஒன்றுதான்.

கோண்டாவிலுக்குத் திரும்புகிறேன். அம்மாவோடு ஒரு உடன்படிக்கை செய்திருக்கிறேன். கிணற்றடி மூலையிலிருந்து மதில் நீளத்துக்கு ஒரு முழம் அகலத்தைக் கூட்டக்கூடாது. "பாம்பு வரும்" என்றார். வரலாம். "பாக்கிற சனம் வீட்டிலை பொம்பிளையள் இல்லையோ எண்டு கேக்கும்" என்றார். கேட்கலாம். கடைசியில் சம்மதித்தார், ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூட்டுவாராம். பக்கத்து வீட்டு அன்ரியிடமும் கதைத்திருக்கிறேன். மதிலின் அடியில் ஒரு கல்லைக் கழற்றி ஒரு பொட்டு விடுவோமா என்று கேட்டேன். என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் 5.51க்கு எங்களுடையது கத்தியது. கொப்பியில் எழுதினேன். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிரலும் கீறி வைத்திருக்கிறேன், அதன் தலைப்பு "பதில்". அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்த ஐப்பசியில் இருந்து சித்திரை வரைக்கும் அதை நிரப்பப் பார்க்கிறேன். உங்கள் வளவில் விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு சுரம் கேட்டால், ஏறி இறங்குகிற இரண்டே இரண்டு, நேரத்தை எழுதி வையுங்கோ. மணிக்கூட்டு நேரத்தை மட்டும் எழுதாமல் சூரியனையும் சேர்த்து எழுதுங்கோ. மணிக்கூடு இங்கே ஏற்கெனவே இரண்டு தரம் பொய் சொல்லியிருக்கிறது.